மோதிரம் யார் விரலுக்கு?

நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் வேண்டும் என்பது இப்போது எங்கள் மரக்காணம் பக்கத்திலும் சம்பிரதாயமாகிவிட்டது. சம்பிரதாயம் என்று அவர்கள் சொல்கிறார்கள்; நான் சொல்லவில்லை. என் பாட்டி காலத்தில் இந்தக் கரையில் கல்யாணம் நிச்சயமானதற்கு அடையாளம் வெற்றிலை பாக்கு மாற்றுவது. அப்புறம் பெண் வீட்டில் கைநனைப்பது. ஒரு வீட்டு உப்பைத் தின்றபின் வார்த்தை மாறக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அந்த உப்போ ஊரைத் தாண்டினால் பாத்தி பாத்தியாக விளைந்து கிடந்தது. இன்றைக்கு அதே உப்பை வாரிக் கரையேற்றுகிறவர் வீட்டிலே வந்து உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளைக்கு எத்தனை சென்ட் கல் போடுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள்.

கேட்கிறவர்கள் ஜமீன்தார்கள் அல்லர். அவர்களும் உப்பு வாருகிறவர்கள்தாம். அல்லது கடலுக்குப் போகிறவர்கள். அல்லது புதுச்சேரியில் ஏதோ ஒரு கம்பெனியில் பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பவர்கள். "பெண்ணுக்கு நாங்கள் வைரம் போடுகிறோம், பிள்ளைக்கு நீங்கள் போடுங்கள், சமத்துக்குச் சமம்" என்பது அவர்கள் கட்சி. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்தச் சமம் நடந்த விதத்தைச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து சென்ட் கல் வைத்த மோதிரம் கொண்டுவருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அது கார்த்திகை மாதம். மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக 2022 முதல் அரசாங்கமே 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பெண்ணின் தகப்பனார் வரப்போகும் கோடையின் கூலியில் முன்பணம் வாங்கிக்கொண்டு நகைக்கடைக்குப் போனார். இன்னும் விளையாத உப்பை அடகு வைத்து ஒரு கல் வந்தது. இதற்குப் பெயர் சமமா?

நிற்க. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். வைரம் நமக்குப் புதிதல்ல. பிரேசில் நாட்டில் 1720-களில் வைரம் அகப்படும்வரை உலகத்து ராஜாக்களின் கிரீடங்களுக்குப் பெரும்பாலும் நம் தேசத்துக் கல்தான் போயிற்று. கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர்ச் சுரங்கம் உலகப் பிரசித்தம். தமிழ்நாட்டில் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் ஏழு கல் தோடும் எட்டுக்கல் பேசரியும் போட்டார்கள். "புளூ ஜாகர்" என்று மாமிமார் பெருமையோடு சொல்வார்களே, அது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் என்ற சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. ஆனால் தோடும் பேசரியும் அந்தப் பெண்ணின் சொத்து. கஷ்டம் வந்தால் கழற்றுவாள், விடிந்தால் மீட்பாள். "என் அன்புக்கு இது அத்தாட்சி" என்று எந்த மாப்பிள்ளையும் அதை நீட்டவில்லை.

அந்த வசனத்தை எழுதியது அமெரிக்காவில். தென்னாப்பிரிக்காவில் 1867-க்குப் பிறகு வைரம் கூடை கூடையாகக் கிடைக்க ஆரம்பித்தது. கூடையில் கிடைப்பதற்கு விலை ஏது? ஆகவே சுரங்கங்களை ஒரே கைக்குள் கொண்டுவர 1888-இல் டி பீர்ஸ் கம்பெனி ஏற்பட்டது. கல்லைப் பூட்டி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, விலையைக் காப்பாற்றினார்கள். அதுவும் போதாமல் 1938-இல் ஏயர் என்ற விளம்பரக் கம்பெனியை அமர்த்தினார்கள். அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண்மணி 1947-இல், வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்ற பொருளில் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார். அந்த வாசகம்தான் இன்று நம் ஊர்ப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறது. அதே 1947-இல், ஏப்ரல் முதல் தேதி, இந்த நாட்டில் உப்பு வரி ஒழிந்தது. வேதாரண்யத்தில் அடிபட்டு, சிறைக்குப் போய், ஜனங்கள் தள்ளிய வரி அது. அந்த வருஷமே இன்னொரு வரி தயாராகிவிட்டது. இதை மட்டும் நாமே தேடிப் போய்க் கட்டுகிறோம்.

அதிகமாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஜப்பானைப் பார்க்கட்டும். 1967-இல் அங்கே கல்யாணப் பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட வைர நிச்சய மோதிரம் கிடையாது. விளம்பரம் நுழைந்தது. 1981-இல் நூற்றுக்கு அறுபது பேர் விரலில் வைரம். பதினான்கு வருஷத்தில் ஒரு சம்பிரதாயம்! நம் பக்கத்துக்கு அத்தனை வருஷமும் தேவைப்படவில்லை.

"இருந்தாலும் வைரம் அழியாதது அல்லவா?" என்கிறார்கள். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த ரசாயனம் எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காவது உதவுகிறது. லவாசியே என்ற பிரெஞ்சு அறிஞர் 1772-இல் சூரிய வெப்பத்தைக் கண்ணாடியால் குவித்து வைரத்தை எரித்தே காட்டினார். 1797-இல் டென்னன்ட் என்ற ஆங்கிலேயர், வைரமும் அடுப்புக்கரியும் ஒரே பொருள்தான் என்று நிரூபித்தார். கீறினால் கீறல் விழாது, உண்மை. சுத்தியால் சரியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும், அதுவும் உண்மை. அன்புக்கு உவமை தேடுகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

"போனால் போகட்டும், ஒரு முதலீடு" என்பது அடுத்த வாதம். இதைச் சொல்கிறவர்கள் வாங்கிய மோதிரத்தை ஒரே ஒரு முறை விற்கப் போய்ப் பார்க்கட்டும். தங்கத்துக்குத் தினம் பத்திரிகையில் விலை வருகிறது. கல்லுக்கு எந்தப் பத்திரிகையில் வருகிறது? கடைக்காரர் தங்கத்தை நிறுப்பார். கல்லைப் பற்றிப் பேசும்போது முகம் மாறும். இப்போதோ ஆய்வுக்கூடத்திலேயே வைரம் விளைகிறது. 1954-இலேயே அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி செய்து காட்டியது. இன்று சூரத்தில் அது பெரிய தொழில். 2023 பட்ஜெட்டில் இந்த ஆராய்ச்சிக்காக ஒரு ஐ.ஐ.டி.க்கு மானியம் என்று அறிவித்தார்கள். அது நம் சென்னை ஐ.ஐ.டி.க்கே வந்தது. விலை சரிந்துகொண்டிருக்கிறது. இதைப் போலி என்பது தவறு. "அமெரிக்கன் டைமண்ட்" என்று விற்கிறார்களே, அது வேறு பொருள். ஆய்வுக்கூடத்து வைரம் வைரமேதான், கருவி வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். டி பீர்ஸே 2018-இல் அதைக் காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கி, 2025-இல் அந்தக் கடையை மூடப்போவதாகவும் அறிவித்தது. வாங்கினவர் சேமிப்பு என்று நினைத்தால் ஏமாந்து போவார். அழகு என்று நினைத்தால் ஏமாற்றமில்லை.

இங்கே என் கட்சிக்காரர்களில் சிலர் கைதட்டுகிறார்கள். "அதுதான் சரி, உப்பளத்துப் பெண்ணுக்கு வைரம் எதற்கு?" என்கிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டைதான். ஏன், அவளுக்கு எதற்கு என்று கேட்க நீங்கள் யார்? வெயில் பட்டு மின்னும் உப்பைப் பிறந்ததிலிருந்து பார்த்துக் கண் எரிந்தவள், மின்னுகிற ஒரு கல்லுக்கு ஆசைப்பட்டால் குடி முழுகிவிடுமா? ஏழைக்கு எளிமையை உபதேசம் செய்வது மற்றவர்களுக்குச் செலவில்லாத தருமம். என் கேள்வி அது அல்ல. அந்தக் கல்லை அவளா தேர்ந்தெடுக்கிறாள்?

இல்லை. சம்பந்திகள் தேர்ந்தெடுக்கிறார்கள். பந்தலில் நாலு பேர் பார்க்க வேண்டும். ஆகவே கல் பெரிதாகத் தெரிய வேண்டும். ஆகவே ஆறு நகங்களால் உயரத் தூக்கிப் பிடித்த கட்டடம் வேண்டும். 1886-இல் நியூயார்க்கில் டிபனி கடைக்காரர்கள் கொண்டுவந்த தினுசு அது. வேலை செய்யாத கைக்கு அழகாகத்தான் இருக்கும். வெளிச்சம் கல்லின் அடியிலும் பாயும், ஜொலிக்கும். ஆனால் எங்கள் பெண் மாவு பிசைகிறாள், மீன் கழுவுகிறாள், பாத்தியில் கால் வைத்தால் கையெல்லாம் வெடிப்பு. நகம் புடவையில் மாட்டும். ஒரு நகம் நெகிழ்ந்தால் கல் எந்தப் பாத்தியில் விழுந்தது என்று யார் தேடுவது? உப்புக்குள் விழுந்த வைரத்தைக் கண்டுபிடிக்க உப்பு முழுவதையும் கரைக்க வேண்டும்.

நம் பத்தர்கள் கல்லைச் சுற்றித் தங்கம் அணைத்து மூடிய கட்டடமாக இழைப்பார்கள். ஜொலிப்பு ஒரு மாற்றுக் குறையும், கல் பத்திரம். சற்றே மஞ்சள் ஓடிய கல்லானாலும் மஞ்சள் தங்கத்துக்குள் தெரியாது, விலையும் இறங்கும். இது பழைய பாணி என்று கடைப் பையன் உதடு பிதுக்குவான். பிதுக்கட்டும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இன்னும் இரண்டொரு வார்த்தை. தங்கத்தின் காரட் மாற்றைச் சொல்வது; வைரத்தின் காரட் எடையைச் சொல்வது. இரண்டையும் குழப்பிப் பேசுகிற கடையில் உட்காராதீர்கள். ஒரு காரட் 200 மில்லிகிராம், நூறு சென்ட். ரசத்துக்குப் போடும் ஒரு சிட்டிகை உப்பு அதைவிடக் கனம். ஜொலிப்பைத் தருவது எடையல்ல, பட்டை தீட்டிய நேர்த்தி. ஐம்பது சென்ட் என்ற முழு எண்ணுக்காக விலை எகிறும். நாற்பத்தைந்து சென்ட் கல்லை விரலில் பார்த்து வித்தியாசம் சொல்ல யாராலும் ஆகாது. கல்லுக்குச் சான்றிதழும் தங்கத்துக்கு ஹால்மார்க் எண்ணும் வாங்குங்கள். திருப்பிக் கொடுத்தால் என்ன தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். அதோடு எண்ணெய்ப் பிசுக்கு வைரத்தில் சுலபமாக ஒட்டும். சுரங்கத்தில் கிரீஸ் தடவிய மேஜைமேல் ஓடவிட்டுத்தான் வைரத்தைப் பிரித்தெடுத்தார்கள். சமையற்கட்டில் மங்கிய கல்லைப் பார்த்து "போலி" என்று மருமகளின் வீட்டாரைத் தூற்றாதீர்கள். வெந்நீரும் சோப்பும் போதும்.

கடைசி வார்த்தை பிள்ளையைப் பெற்றவர்களுக்கு. 1961-ஆம் வருஷத்து வரதட்சிணைத் தடைச் சட்டம் பரிசை மறுக்கவில்லை. ஆனால் கேட்காமல் கொடுத்ததாக இருக்க வேண்டும், பட்டியலில் எழுத வேண்டும், வழக்கமானதாக இருக்க வேண்டும், கொடுப்பவரின் வசதிக்கு மீறக் கூடாது. "எத்தனை சென்ட்?" என்று நீங்கள் வாயைத் திறந்த நிமிஷமே அது பரிசு அல்ல. உங்கள் மருமகளுக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேட்டு, உங்கள் சக்திக்குத் தகுந்ததை அவள் கைக்குத் தகுந்த கட்டடத்தில் செய்து போடுங்கள். பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகும். சொல்லாமல் போனால் ஒரு தகப்பன் இரண்டு கோடை கூடுதலாகப் பாத்தியில் நிற்க வேண்டும்.