இறங்கி நிற்கத் தக்க இடங்கள்

பாடசாலை விடுமுறை வந்ததும், துவிச்சக்கரவண்டிகளைத் துடைத்து எண்ணெயிட்டு, இருவராகவும் மூவராகவும் புறப்படும் மாணாக்கரை யாழ்ப்பாணத்து வீதிகளிற் காண்பது கண்ணுக்கு இனியதாகும். மலையும் சரிவும் இல்லாத இக்குடாநாடு அவ்வண்டிக்கென்றே அமைந்தது போலும். எங்கே செல்கின்றீர்கள் என அவர்களை வினவினால், கோட்டை, நல்லூர், கீரிமலை, கசூரினாக் கடற்கரை என்னும் விடைகள் வருகின்றன. இவையெல்லாம் காணத்தக்கனவே. ஆயின், வழியில் இறங்கி நிற்கத் தக்க வேறு சில இடங்களும் உள. அவற்றைப் பற்றிச் சில கூறுதல் நம் கடன் எனக் கருதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு நாமும் வண்டியிற் புறப்பட்டோம். ஓர் ஊர்ச் சந்தியில் நின்று, அங்கே வாழ்ந்து மறைந்த புலவர் ஒருவரின் வீடு எதுவென வினவினோம். கடையில் நின்ற இளைஞர் எவரும் அறிந்திலர். மோர் வாங்க வந்த மூதாட்டி ஒருவரே, "அந்த ஒழுங்கையால போங்கோ வாத்தியார், படலை இல்லாத வளவுதான்" என்று கை காட்டினார். சென்று பார்த்தோம். அத்திவாரமும், தூர்ந்த கிணறும், நாலைந்து பனைகளும் இருந்தன. உடன் வந்த மாணாக்கன் ஒருவன், "ஐயா, இதிற் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது?" என்று கேட்டான்.

அக்கேள்வி நேர்மையானது. அதற்கு அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவு தரவில்லை. இன்று கூற முயல்கின்றோம்.

பயணத்தை யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே தொடங்குக. 1959 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அக்கட்டடம் 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இன்று வெண்ணிற மண்டபம் மீண்டும் எழுந்து நிற்கின்றது. மாணவர் அமர்ந்து படிக்கின்றனர். கட்டடம் மீளும்; பிறிதோரிடத்திற் பிரதியுள்ள நூலும் மீளும்; ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடு மீளாது. இவ்வுண்மையை நெஞ்சிற் கொண்டு வண்டியில் ஏறுபவனுக்கு மற்றை இடங்களின் பொருள் தானே விளங்கும்.

அங்கிருந்து வண்ணார்பண்ணை மிக அணித்து. ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், பின்னர் அச்சியந்திரம் நிறுவியதும் அங்கேதான். பாடம் சொல்லுதல், பாடநூல் எழுதுதல், அதனை அச்சிடுதல் என்னும் மூன்றும் ஓரிடத்தில் நிகழ்ந்தமை எண்ணத்தக்கது. அடுத்து நல்லூர். கோயிலை வணங்கியவுடன் திரும்பிவிடாது, சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி என்பவற்றருகேயும் இறங்கி நிற்றல் வேண்டும். 1619 இல் அரசு வீழ்ந்தது. 1621 இற் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அரசர் காலத்தனவாக மரபு சுட்டும் சின்னங்களுட் பின்னர்க் கட்டப்பட்டனவும் உள என ஆராய்வோர் கூறுவர். எது ஆவணம், எது செவிவழிக் கதை எனப் பிரித்தறியும் பயிற்சியை மாணாக்கன் அங்கே பெறலாம்.

மேற்கே செல்வோன் மானிப்பாயில் இறங்குக. அமெரிக்க மிஷன் அச்சகம் அவ்வூரிலே இயங்கியது. மானிப்பாய் அகராதி எனப்படும் பேரகராதி 1842 இல் அங்கே அச்சேறியது. சாமுவேல் கிறீன் என்னும் வைத்தியர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தம் மாணவர் துணையுடன் தமிழிற் பெயர்த்ததும் அவ்வூரிலேதான். தமிழில் விஞ்ஞானம் கற்பித்தல் இயலுமோ என்று இன்றும் ஐயுறுவோர், அவர் பெயர் கொண்ட வைத்தியசாலை வாயிலிற் சிறிது நேரம் நிற்பாராக. மேலும் சில கிலோமீற்றர் சென்றால் வட்டுக்கோட்டை. 1823 இல் அங்கே தொடங்கிய செமினரி ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானநூலும் ஒருங்கே கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்களே.

வடக்கே சுன்னாகம். சந்தை இரைச்சலுக்கு நடுவே, இது அ. குமாரசுவாமிப் புலவரின் ஊர் என்பதை எண்ணுபவர் எத்துணைப்பேர்? நா. பொன்னையா 1930 இல் தொடங்கிய ஈழகேசரி 1958 வரை அங்கிருந்தே வெளிவந்தது. அணித்தேயுள்ள கந்தரோடையிற் பனைகளுக்கிடையே சிறு தூபிகள் பல கூட்டமாக நிற்கின்றன. புத்த சமயம் இம்மண்ணில் வாழ்ந்தமைக்கு அவை சான்று. அவ்விடத்துக்கு வழக்காடச் செல்லற்க, கற்கச் செல்க. இன்னும் வடக்கே வருத்தலைவிளான். புன்னாலைக்கட்டுவனிற் பிறந்த சி. கணேசையர் வாழ்ந்த ஊர் அது. குமாரசுவாமிப் புலவரிடம் பாடங்கேட்ட அவர், தொல்காப்பியத்துக்கு எழுதிய உரைவிளக்கக் குறிப்புக்கள் பொன்னையாவின் முயற்சியாற் சுன்னாகத்திலே நூலுருப் பெற்றன. 1990 ஆம் ஆண்டின் பின் நெடுங்காலம் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, ஊரவர் தம் வளவைக் காணவும் இயலாதிருந்தனர். அங்கே கூரையிழந்த சுவர்களைக் காண நேர்ந்தால், அவற்றையும் இவ்வரலாற்றின் பகுதியாகவே கொள்ளல் வேண்டும்.

கிழக்கே பருத்தித்துறை வீதியிற் கோப்பாயும் நீர்வேலியும் கடந்தாற் சிறுப்பிட்டி. தாமோதரம்பிள்ளை 1832 இற் பிறந்த ஊர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சிற் கொணர்ந்தவர் அவர். செல்லரித்த ஏடுகளை ஊரூராகத் தேடி ஒப்புநோக்கிய அம்முயற்சி இல்லாதிருப்பின், நாம் வகுப்பறையில் விரிக்கும் நூல்களுட் சில இன்று இருந்திரா. அங்கிருந்து சிறிது தூரத்தில் நவக்கிரியில் நிலாவரைக் கிணறு. சுண்ணக்கல்லின் வெடிப்பில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்கும் விந்தை அது. தாகந் தீர்த்து இளைப்பாறுவதற்கும் ஏற்ற இடம்.

இவ்வூர்கள் யாவும் நகரிலிருந்து 20 கிலோமீற்றருக்கு உட்பட்டவை. சிறுப்பிட்டிச் சிறுவன் வட்டுக்கோட்டையிலே பயின்றான். புன்னாலைக்கட்டுவனிற் பிறந்தவர் சுன்னாகத்துப் புலவரிடம் பாடங்கேட்டார். அவர் எழுதியதைச் சுன்னாகத்து அச்சகம் நூலாக்கியது. நம் கல்வி மரபு அரண்மனைகளில் அன்று, ஒழுங்கைகளாலும் வெளிகளாலும் இணைந்த சிற்றூர்களில், நடந்து சென்று பாடங்கேட்கும் தொலைவிலே வளர்ந்தது. பேருந்தில் விரைபவனுக்கு இவ்வூர்கள் வெறும் தரிப்பிடப் பெயர்கள். தன் காலால் உழக்கிச் செல்பவனுக்கே ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையிலுள்ள தொலைவு உடம்பால் விளங்கும். அத்தொலைவை அன்றாடம் நடந்து கடந்தோரின் கல்வி வேட்கையும் விளங்கும்.

பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்ட மாணாக்கனுக்கு இப்பொழுது கூறுவோம்: தம்பி, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமற் போனது ஏன் என்பதையே அங்கு பார்க்க வேண்டும். போரும் தீயும் அழித்தவை பல. அவற்றைத் தடுக்கும் ஆற்றல் நமக்கு இருக்கவில்லை. ஆயின், படலை இல்லாத அவ்வளவின் பெயரைச் சந்தியிலிருந்த இளைஞர் அறியாதிருந்தமைக்குப் போரை மட்டும் காரணமாகக் காட்டி நாம் தப்ப முடியாது. ஆசிரியர் சொல்லவில்லை, ஆதலால் அவர்கள் அறிந்திலர். அம்மூதாட்டிக்குப் பின் வழிகாட்ட எவரும் இரார்.

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரிலிருந்தே தொடங்குக. ஒரு கொப்பியும் பேனாவும் போதும். இவ்வூரில் வாழ்ந்த புலவர் யார், ஆசிரியர் யார், வைத்தியர் யார். அவர் எழுதியவை எவை. அவற்றின் பிரதி இன்று எவர் வீட்டில் உளது என்னும் மூன்று வினாக்களுக்கும் முதியோரிடம் கேட்டு விடை எழுதுக. சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல், பழைய மடம் ஆகியனவற்றையும் விடாது குறிக்க. குடியிருப்போர் இசைவு பெற்றே வளவினுட் புகுக. ஏடு எதனையும் எடுத்துவர முயலாது, உரியவர் முன்னிலையிற் படம்பிடித்துக் கொள்க. எழுதிய கொப்பியை இரண்டு பிரதியாக்கி ஒன்றைப் பாடசாலையிலும் மற்றொன்றை வேறோரிடத்திலும் வைக்க. ஒற்றைப் பிரதியின் கதி என்ன என்பதை நாம் ஒருமுறை கண்டுவிட்டோம்.

பெயர்ப்பலகை நடுதலும் நினைவுமண்டபம் எழுப்புதலும் பொருளுடையோரும் அரசினரும் செய்யட்டும். சந்தியில் நின்று வழி கேட்கும் அயலூரானுக்கு, "அந்த ஒழுங்கையால போங்கோ" என்று கை காட்ட ஒரு சிறுவனை ஆயத்தஞ் செய்தல் நம் கைக்கு எட்டிய பணி. அதற்கு ஒரு விடுமுறையும் ஒரு துவிச்சக்கரவண்டியும் போதும்.