கூத்து மேடையில் முதலுதவி

பாம்பு கடித்த காலை இறுக்கிக் கட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். கேட்டால் பளிச்சென்று சொல்லும். ஆனால் வயலில் தாத்தா துண்டைக் கிழித்துக் கட்டத் தொடங்கும்போது, பெரியவர்கள் சூழ்ந்து நிற்கையில், “வேணாம் தாத்தா” என்று சொல்ல அதே பிள்ளைக்கு வாய் வருவதில்லை. தெரிந்ததைப் பெரியவர் முன்னால் சொல்லும் தைரியம் பழகப் பழகத்தான் வரும். அதைப் பழக்குவதற்கு நாடகத்தைவிட நல்ல வழி கிடையாது.

பாகூர் கொம்யூனில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதுச்சேரிக்குச் சோறு போடும் பகுதி எங்களுடையது. நெல்லும் கரும்பும் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். தரையில் பாய் போட்டுத் தூங்குபவரைக் கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது. பல் பட்ட தடம்கூடச் சில நேரம் தெரியாது. சில மணி நேரத்தில் வயிறு வலிக்கும், இமை தூக்க முடியாமல் கண் சொருகும், பேச்சு குழறும். அந்த நிலையில் முழங்காலில் கயிறு, கடிவாயில் பிளேடு கீறல், மேலே மஞ்சள் பூச்சு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலையே இழக்க நேரிடலாம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். மருந்தே இல்லாத காலமல்ல இது. விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் உள்ள, 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் சேகரித்துத் தருகிறது. ஆனால் கடிபட்டவர் மருந்து இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம், கட்டுவதிலும் கீறுவதிலும் மந்திரிப்பதிலும் கரைந்துபோகிறது.

ஓய்வுக்குப் பிறகு, பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் போட்ட முதலுதவி நாடகத்தின் ஒத்திகைக்கு என்னை அழைத்தார்கள். கடிபட்டவனாக நடித்த பையனுக்கு அசையாமல் படுப்பதே பெரும்பாடாக இருந்தது. “ஆடாதடா, விஷம் ஏறிடும்” என்று மற்றவர்கள் அதட்டினார்கள். கரும்பலகைக்கு வைத்திருந்த நீளமான மர ஸ்கேலை அவன் காலோடு சேர்த்து, துப்பட்டாவால் தளர்வாகச் சுற்றினார்கள். துணிக்குள் விரல் நுழைகிறதா என்று ஒருத்தி பார்த்துக்கொண்டாள்.

தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு ஆயாவாக வந்தவள் கயிற்றோடு ஓடி வந்தாள். பேத்தியாக நடித்தவள் “கட்டாத ஆயா” என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். ஆயா காதில் வாங்கவில்லை. ஆசிரியை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். கடைசியில் அந்தப் பெண் குறுக்கே புகுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “கட்டாத ஆயா! கட்டினா காலே போயிடும். 108-க்குப் போன் போடு!” என்றாள். நடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளே ஒரு கணம் வாயடைத்து நின்றார்கள். நாடகம் தர வேண்டியது அந்தக் குரலைத்தான்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ராஜாவையே மடக்கிக் கேட்பவன், கூடியிருக்கும் சனத்தோடு நேராகப் பேசுபவன். ஊரில் நடக்கும் தப்பான வைத்தியங்களையெல்லாம் அவன் வாயில் வைக்கலாம். நாய் கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவச் சொல்லட்டும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும் என்று ஒரு பிள்ளை மறிக்கட்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கச் சொல்லட்டும்; வாயில் எதையும் திணிக்காமல், வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க இன்னொரு பிள்ளை காட்டட்டும். “ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறவனைத் தொடாதே, கேஸ் வரும்” என்று பயமுறுத்தட்டும். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு தருகிறது என்று வேறொரு பிள்ளை எடுத்துச் சொல்லட்டும்.

தீக்காயத்துக்கு ஒரு யோசனை. பேஸ்டும் இங்க்கும் வேண்டாம், 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் விட வேண்டும் என்று வசனமாகச் சொன்னால் யார் மனதிலும் நிற்காது. கை சுட்டுக்கொண்ட பிள்ளையை மேடையின் ஓரத்தில் வாளியோடு உட்கார வைத்துவிட்டு அடுத்த காட்சியை நடத்துங்கள். ஒருத்தி சொம்பால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கட்டும். 20 நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று பார்க்கிறவர்கள் அப்போது புரிந்துகொள்வார்கள்.

பாகூர் ஏரியும் வில்லியனூர்ப் பக்கத்துச் சங்கராபரணியும் நிறைந்திருக்கும் மாதங்களில், தத்தளிப்பவரைக் காப்பாற்றக் குதிக்கிற பிள்ளையும் போய்விடும் ஆபத்து உண்டு. குதிக்காமல் கயிறோ சேலையோ காலிக் குடமோ வீசி, கூச்சல் போட்டுப் பெரியவர்களை அழைப்பதை நடித்துப் பழக வேண்டும். நெஞ்சை அழுத்தி உயிரூட்டுவதை மட்டும் இன்னொரு பிள்ளையின் மேல் செய்யக்கூடாது, தலையணை போதும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். மிருதங்கக்காரர் அந்த வேகத்தில் வாசித்தால் கை பிடித்துக்கொள்ளும். 12 வயதிலிருந்து ஆண்டுக்கு 2 மணி நேரம் இதைக் கற்றுத்தர வேண்டும் என்ற பரிந்துரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே ஆதரவு தந்துவிட்டது.

பரீட்சை கெடும், சின்னப் பிள்ளைகள் ரத்தத்தைப் பார்த்துப் பயப்படும் என்பார்கள். விழாவுக்கு எப்படியும் சினிமாப் பாட்டுக்கு ஆடப் பல நாள் ஒத்திகை நடக்கிறது. அதில் ஒரு பங்கு போதும். குழைத்த குங்குமத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை, உண்மையான ரத்தத்தைக் கண்டு உறைந்து போகாமல் துணியை வைத்து அழுத்தும். சிறுவர்களை வைத்தே நாடக சபை நடத்திய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்து, புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அடக்கமாகியிருக்கிறார். பிள்ளைகள் வேடம் கட்டி ஊரைத் திரட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

செய்ய வேண்டியவை மூன்றுதான். ஜூனியர் ரெட்கிராஸ் உள்ள பள்ளிகள் முதலில் தொடங்கட்டும். வசனத்தைச் சுகாதார நிலையச் செவிலியரோ டாக்டரோ ஒருமுறை படித்துத் திருத்தட்டும்; மேடையில் பார்த்த தப்பு சுலபத்தில் மறக்காது. மூன்றாவதுதான் முக்கியம்: நாடகம் பள்ளி மதிலுக்குள் முடிந்துவிடக்கூடாது. கயிற்றைத் தேடும் தாத்தாவும் ஆயாவும் ஆண்டு விழாவுக்கு வருவதில்லை. அவர்கள் விடிய விடிய உட்காருவது திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு. அந்தக் கூத்து தொடங்குவதற்கு முன் அரை மணி நேரத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள் என்று வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் விழாக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.