வயல்காரனுக்குச் சட்டசபையில் என்ன வேலை?

விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஊழியர் ஒருவரைச் செங்கொடி இயக்கம் அபேட்சகராக நிறுத்தியிருப்பது கீழத்தஞ்சையின் பெரியமனிதர்கள் சிலருக்குப் பொறுக்கவில்லை. “வயல்காரனுக்குச் சட்டசபையில் என்ன வேலை?” என்று கேட்கிறார்கள். அவர்கள் கேலி கிடக்கட்டும். நம் தோழர்களிலேயே சிலர், “சங்கம் இருக்கிறது, போராட்டம் இருக்கிறது, சட்டசபை எதற்கு?” என்கிறார்களே, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1952 தேர்தலை நினைத்துப் பாருங்கள். சென்னை ராஜ்யத்தின் 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகள் 62 பேர் ஜெயித்தார்கள். தோழர் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் வென்றார். வெளியே பண்ணையாட்களின் கிளர்ச்சி, உள்ளே இத்தனை எதிர்க்கட்சி உறுப்பினர்கள்! இரண்டுக்கும் நடுவே நெருக்குண்ட ராஜாஜி சர்க்கார், அவ்வாண்டு ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. பண்ணையாளை இஷ்டப்படி விரட்டக் கூடாது என்றது. யாரும் மனமிரங்கித் தந்த தானமா இது?

அப்புறம் என்ன நடந்தது? பண்ணையாளைத் தினக்கூலியாக மாற்றிவிட்டார்கள் மிராசுதார்கள். தினக்கூலிக்கு அந்தச் சட்டத்தில் பாதுகாப்பில்லை. மிராசுதாரின் கணக்குப்பிள்ளை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும் ஓட்டை இது! ஷரத்து எழுதியவர்களில் நாற்றங்கால் மிதித்தவர் எத்தனை பேர்?

கூலிப் போராட்டத்துக்குப் பழிவாங்க, 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதன் பிறகே 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. குடியிருப்பு மனையைக் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971-ல் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை 1973-ல் ஹைகோர்ட் விடுதலை செய்ததையும் இந்த வட்டாரம் மறக்கவில்லை.

சட்டம் புத்தகத்தில் ஏறுவது வேறு, பட்டா கைக்கு வருவது வேறு. மனு எந்த மேஜையில் தூங்குகிறது, கூலிப் பதிவேட்டில் எப்படிப் பொய் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் நம் அபேட்சகருக்குத் தெரியும்; தாலுக்கா ஆபீஸ் வாசலில் சங்கத்தோடு நின்று அவர் கற்ற பாடம் இது. மசோதா ஷரத்து ஷரத்தாக விவாதத்துக்கு வரும்போது, ‘இந்த வரியில் ஓட்டை இருக்கிறது’ என்று எழுந்து சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் ஓட்டுக் கேட்கிறோம்.

தேர்தல் முடிந்து மேட்டூர் திறந்ததும் குறுவை நடவுக் கூலிப் பேச்சு வரும். ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தப் பேச்சில் அவர் உட்கார்ந்திருப்பார்.