முயல்குட்டி சாவது அதன் தலையெழுத்து அல்ல

திருவிழாக் கடையில் முயல்குட்டி வாங்கியவர்களிடம் ஒரு மாதம் கழித்து "முயல் எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "அது செத்துப் போச்சுப்பா. முயல்னாலே அப்படித்தான், பிழைக்காது" என்பார்கள். சின்னமனூரில் இந்த வசனத்தை நான் சின்ன வயசிலிருந்து கேட்டு வருகிறேன். நானும் நம்பியிருந்தேன்.

பொய். சுத்தப் பொய். 1859ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டையாடி விளையாட இங்கிலாந்திலிருந்து இரண்டு டஜன் முயல்களை ஆஸ்திரேலியாவுக்கு வரவழைத்தார். அவை பெருகி ஒரு கண்டத்தையே மொட்டையடித்தன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி போட்டார்கள், 1950ல் வைரஸையே பரப்பினார்கள். இன்னமும் ஒழிக்க முடியவில்லை. அப்பேர்ப்பட்ட பிராணி நம் வீட்டுக்கு வந்தால் மட்டும் மூணே நாளில் செத்துப்போகிறது என்றால் கோளாறு முயலிடமா, நம்மிடமா?

போன சித்திரையில் அக்கா மகளுக்கு உள்ளங்கை அளவு வெள்ளைக் குட்டி ஒன்று வாங்கி வந்தார்கள். முதல் நாள் ஓடியது. மறுநாள் மூலையில் குறுகி உட்கார்ந்துகொண்டது. "மாமா, இது கோவிச்சுக்கிட்டு சாப்பிட மாட்டேங்குது" என்றாள் பாப்பா. உடனே ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் கேரட், ஒருவர் பிஸ்கட், பக்கத்து வீட்டுப் பெரியம்மா இங்க் ஃபில்லரில் பசும்பால். சந்தையிலிருந்து கோஸ் இலை. கடைசியாக, பாப்பாவுக்கு காய்ச்சல் வந்தபோது வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பில் நாலு சொட்டு. அதை ஊற்றியது வேறு யாருமில்லை, நான்தான். மூன்றாம் நாள் காலையில் விறைத்துக் கிடந்தது.

"விடு மாப்ள, இருநூறு ரூபாதானே. அடுத்த திருவிழாவுக்கு வேற வாங்கிக்கலாம்" என்றார் மச்சான். பாப்பா அழுதுகொண்டிருந்தாள். அந்த "வேற வாங்கிக்கலாம்" என்ற வார்த்தைதான் இதை எழுத வைத்தது.

அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முயல் கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்காது. அதன் குடல் ஓயாமல் ஓடவேண்டிய இயந்திரம். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் நின்றுபோகத் தொடங்கும், உள்ளே வாயு சேரும், வலி வரும், வலியால் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பெரிய முயலுக்கே இது அவசர நிலைமை. குட்டிக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடையாது.

அடுத்தது பால். முயல் பாலில் கொழுப்பும் புரதமும் தலா பத்து சதவீதத்துக்கு மேல். பசும்பாலில் இரண்டுமே மூன்று, நான்குதான், ஆனால் முயல் பாலைவிட சர்க்கரை அதிகம். தாய்ப்பாலால் குட்டியின் வயிற்றில் கெட்ட கிருமிகளை அடக்கும் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. நல்ல கிருமிகளோ தாயின் புழுக்கையைத் தின்பதால் குட்டிக்கு வந்து சேர்கின்றன. மூன்று வாரத்தில் புல்லைக் கடிக்க ஆரம்பித்தாலும் எட்டு வாரம் தாயோடு இருப்பதுதான் பத்திரம். நாலு வாரத்தில் பிடுங்கிக் கொண்டுவந்தால் பழைய காவலும் போச்சு, புதிய காவலும் வரவில்லை. அந்த வயிற்றில் கேரட்டும் பிஸ்கட்டும் போட்டால் என்ன ஆகும்?

இனி நான் ஊற்றிய சிரப். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து, விஷம் கக்கும் கிருமிகள் பெருகி முயலைக் கொன்றுவிடும். குழந்தையைக் காப்பாற்றும் மருந்து முயலுக்கு எமன். இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தெரிந்துகொள்ளாமல் செய்தேன், அதுதான் சரி.

சரி, குட்டி சாப்பிடவில்லை என்றால் என்னதான் செய்வது? முதலில் காதைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சூடேறும்வரை எதையும் ஊட்டக் கூடாது. நம்ம ஊர் கோடையில் இதற்கு நேர்மாறாகக் காது கொதித்து மூச்சு வாங்கினால் நிழலுக்குக் கொண்டுபோய் காதை ஈரத்துணியால் துடையுங்கள். வயிறு பலூன் மாதிரி உப்பியோ கல் மாதிரி இறுகியோ இருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள், நேராக டாக்டரிடம் ஓடுங்கள். இல்லையென்றால் ஊசி கழற்றிய சிரிஞ்சில், நிமிர்த்தி உட்காரவைத்து, வாயின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். கூடவே மருந்தடிக்காத வரப்பில் பறித்த அருகம்புல், காய்ந்த புல். திராட்சைத் தோட்டத்து ஓரப் புல் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் டாக்டரிடம் போய்ச் சேரும் வரைக்கும்தான். போகும்போது புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். குட்டிகளை அதிகம் கொல்லும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம், அதற்கு மருந்தும் உண்டு.

"மாட்டுக்கே டாக்டர் கிடைக்கலை, முயலுக்கு வந்துட்டியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கறவை மாடு ஒரு குடும்பத்தின் சோறு. மாட்டை விட்டுவிட்டு முயலைப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறிவு எங்கோ வெளிநாட்டில் இல்லை. தேனியிலேயே 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் முயல்களையும் வளர்க்கிறது. மலை மேல் இருக்கும் அறிவு நம்ம தெருவுக்கு இறங்கி வரவில்லை, அவ்வளவுதான்.

விற்கிறவரைத் திட்டி முடித்துவிடலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. 2018ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. திருவிழாக் கூட்டத்தில் இதை யார் கேட்கிறார்கள்? ஆனால் அந்த மனிதர் ஏன் நாலு வாரக் குட்டியைக் கொண்டு வருகிறார்? எட்டு வாரக் குட்டியைக் காட்டினால் நாம் என்ன சொல்கிறோம்? "இது பெருசா இருக்கு, குட்டியூண்டா குடுங்க." உள்ளங்கையில் வைத்துப் போட்டோ எடுக்கும் அளவுதான் நமக்கு வேண்டும். அந்த அளவு என்பது தாயை விட்டுப் பிரியக் கூடாத வயசு. கேட்டது நாம், கொண்டுவந்தது அவர், செத்தது அது.

அதனால் மக்களே, கேட்பது ஒன்றே ஒன்றுதான். எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். வயசு தெரியாது என்று கடைக்காரர் சொன்னால் அதையும் வாங்காதீர்கள். குழந்தை அழுதால் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுங்கள். அழுகை பத்து நிமிஷத்தில் நின்றுவிடும். செத்த முயலுக்காக எங்கள் பாப்பா அழுத அழுகை ஒரு வாரம் நிற்கவில்லை.