டெலிபோன் தொல்லை

ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும், பிள்ளைகளை அன்னிய தேசங்களுக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வசிக்கும் முதியோர் பலர் உளர். அவர்களுக்கு டெலிபோன் ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் குரலைக் கொண்டுவரும் சாதனம். முன்பு அதன் மணி அடித்தால் மகிழ்ச்சி உண்டாயிற்று. இப்போது சலிப்பும் அச்சமுமே உண்டாகின்றன. எடுத்தால், கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று இயந்திரம் பேசுகிறது. எடுக்காமல் விட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்போ என்ற கவலை பிடிக்கிறது.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? 1984-ம் ஆண்டில் ஸி-டாட் ஸ்தாபனம் நிறுவப்பட்டது. அதன் சுதேச இயந்திரங்கள் கிராமங்கள் வரை டெலிபோனைக் கொண்டு சென்றன. திருச்சி மத்திய பஸ் நிலையத்திலும், சத்திரத்திலும், மெயின்கார்டு கேட்டிலும் எஸ்.டி.டி. பூத்துகள் தோன்றின. உடல் ஊனமுற்றோர் பலருக்கு அவை ஜீவனமாயின. இரவில் கட்டணம் குறையும்வரை காத்திருந்து, ஏறும் மீட்டரைப் பார்த்தவாறே ஜனங்கள் பேசினார்கள். காசு கொடுத்துப் பேசியவர் காரியமின்றிப் பிறரை அழைக்கவில்லை.

செல்போன் வந்தபின் பூத்துகள் அநேகமாய் மறைந்தன. செல்போனால் விளைந்த நன்மையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அழைப்பதற்கான செலவு அற்பமாகிவிட்டபடியால், ஓர் இயந்திரம் ஆயிரக்கணக்கானோரை அழைக்க முடிகிறது. அழைப்பவருக்கு நஷ்டமில்லை, நஷ்டமெல்லாம் எடுப்பவருடையது.

சர்க்கார் சும்மா இருந்ததாக நாம் சொல்லவில்லை. அழைக்க வேண்டாதோர் பட்டியல் 2007-ல் ஏற்பட்டது. 2010-லும் 2018-லும் டிராய் ஆணையம் விதிகளைத் திருத்தியது. 2024 ஆகஸ்டில், பதிவு பெறாமல் விளம்பர அழைப்பு விடுப்போரின் இணைப்புகளைத் துண்டிக்குமாறு உத்தரவிட்டது. 2025 பிப்ரவரித் திருத்தத்தின்படி, பதிவு பெறாதவரிடமிருந்து வந்த அழைப்பைப் பற்றி 7 நாட்களுக்குள் புகார் செய்யலாம்; கம்பெனி 5 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். இவை வரவேற்கத்தக்கவையே.

ஆயினும் அஸ்திவாரத்திலேயே ஒரு பிழை இருக்கிறது. வேண்டாம் என்று பதிந்துகொள்ளும் சுமை, தொல்லைப்படுபவர் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. “உள்ளே வராதே” என்று பலகை மாட்டாத வீட்டுக்குள் எவரும் நுழையலாம் என்று எந்த நியாய ஸ்தலம் ஒப்பும்? அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி புட்டசாமி வழக்கில் ஏகமனதாய்த் தீர்ப்பளித்தனர். அமெரிக்காவின் 1991-ம் வருஷத்துச் சட்டம், பதிவு செய்த குரலில் விளம்பரம் செய்ய முன்சம்மதம் வேண்டும் என்கிறது. அங்கும் தொல்லை ஒழிந்துவிடவில்லை. எனினும் நியாயம் எவர் பக்கம் என்பதில் அச்சட்டத்துக்கு மயக்கமில்லை. நம் நாட்டிலும் சம்மதம் தந்தவரை மட்டுமே அழைக்கலாம் என்ற விதி வரவேண்டும். சம்மதம் பெற்றதை நிரூபிக்கும் பொறுப்பு அழைத்தவருடையதாக வேண்டும்.

மற்றொன்றும் சொல்வோம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் துணையைப் பிரிந்தவர், அம்மா மண்டபப் படித்துறையில் செல்போனைப் பறிகொடுத்தவர், வீட்டுக்குச் செய்தி சொல்ல எங்கே போவார்? ராஜகோபுரத்தருகிலும், அம்மா மண்டபத்திலும், ஜங்ஷனிலும், சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் பொது டெலிபோன் ஒவ்வொன்று இருப்பது அவசியம். லாபம் பாராமல் குழாயடி அமைக்கும் மாநகராட்சிக்கு இது பெரும் பாரமாகாது.

அதுவரை ஜனங்கள் வாளாவிருக்கலாகாது. விளம்பர அழைப்பானால் 1909-க்குப் புகார் செய்க. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930-ஐ அழைக்க. டெலிபோன் மூலம் ஒருவரைக் கைது செய்வதற்கு நம் சட்டத்தில் இடமே இல்லை என்பதை வீட்டிலுள்ள பெரியோருக்கு இன்றே எடுத்துச் சொல்க. மணி அடித்தால் அஞ்சாமல் எடுக்கும் நாள் அவர்களுக்குத் திரும்ப வேண்டும்.