மீனுக்கும் தூதுவளை, கரிசலாங்கண்ணி! சோதனையில் பாஸ், பண்ணையில் தயக்கம் ஏன்?

தாம்பரம்:

சளி பிடித்தால் தூதுவளை ரசம், காமாலை என்றால் கரிசலாங்கண்ணி. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வருபவர்களுக்கு இந்த பெயர்கள் அத்துப்படி. இதே மூலிகைகள் வளர்ப்பு மீனையும் காப்பாற்றும் என்று ஆய்வில் தெரியவந்து பல வருடம் ஆயிற்று. ஆனாலும் பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் இடத்தை மூலிகையால் இன்னும் பிடிக்க முடியவில்லை.

குளத்தில் மீனை நெருக்கமாக விட்டு, தண்ணீரும் கெட்டுப்போனால் 'ஏரோமோனாஸ்' என்ற பாக்டீரியா தலைதூக்கும். உடம்பில் சிவப்பு திட்டு, புண், வயிறு வீக்கம் என்று மீன் செத்து மிதக்கும். போட்ட முதலும் அதோடு போச்சு. பயந்துபோகும் பண்ணைக்காரர் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக்கை கலக்கிறார்.

சட்டிக்கு வரும் ஆபத்து

மருந்து கலந்த தீவனத்தை நோயுள்ள மீன், நோயில்லாத மீன் எல்லாமே தின்னும். மிச்சம் குளத்து சேற்றில் இறங்கும். அந்த மருந்துக்கு பழகிப்போன கிருமி பிறகு அதற்கு அடங்காது. மீன் சதையில் தங்கும் மருந்தோ, குழம்பு கொதித்தாலும் முழுசாக போகாது. குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவற்றை மீன் வளர்ப்பில் பயன்படுத்த தடையே உள்ளது.

பல்லாவரம் வரை வந்த ஆய்வு

பேராசிரியர் தினகரன் மைக்கேல் குழுவினர் மதுரை லேடி டோக் கல்லூரியிலும், பின்னர் பல்லாவரம் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும் இந்த ஆய்வை நடத்தினர். சோதனைக்கு எடுத்தது நம்ம ஊர் ஏரியில் கிடைக்கும் ஜிலேபி மீன்.

2007-ல் வெளியான ஆய்வில், கரிசலாங்கண்ணி இலைச் சாறு தீவனத்தில் 1 சதவீதம் வரை கலந்து தரப்பட்டது. பிறகு ஏரோமோனாஸ் கிருமி செலுத்தப்பட்டது. மூலிகை தின்னாத மீன்களில் 100 சாகிறது என்றால், 1 சதவீத சாறை ஒரு வாரம் தின்றவற்றில் 64-ம், 2 வாரம் தின்றவற்றில் 75-ம் தப்பிக்கும் என்ற கணக்கு கிடைத்தது. ஆனால் 3 வாரம் தந்தபோது இது 32-ஆக இறங்கிவிட்டது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மூலிகைதானே, எவ்வளவு போட்டாலும் நல்லது என்று நினைப்பது தப்பு. அளவும் நாளும் முக்கியம்.

சிக்கல் எங்கே?

முதலாவது, இது நோய் வருமுன் எதிர்ப்பு சக்தியை கூட்டும் மருந்து. நோய் முற்றிய மீன் தீவனத்தையே தொடாது. அப்புறம் மூலிகை கலந்து என்ன பயன்?

இரண்டாவது, தூதுவளை, சீந்தில் சோதனைகளில் மருந்து ஊசி மூலம் ஏற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான மீனுக்கு குளத்தில் யார் ஊசி போடுவது?

மூன்றாவது, மழைக்கால இலையும் கோடைகால இலையும் ஒரே வீரியத்தில் இருக்காது. மாத்திரை போல இத்தனை மில்லிகிராம் என்று சொல்ல முடியாது. தொட்டியில் ஜிலேபிக்கு பலித்தது, குளத்தில் கட்லா, ரோகுவுக்கும் அப்படியே பலிக்கும் என்ற நிச்சயமும் இல்லை.

இதை தீர்க்க குளத்திலேயே சோதனை நடக்க வேண்டும். அதற்கான இடம் தூரத்தில் இல்லை. வாணியஞ்சாவடியில் மீன்வள பல்கலைக்கழக வளாகம் உள்ளது. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. எந்த மூலிகை, எந்த மீனுக்கு, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பண்ணைக்காரர் கேட்பார்.

அதுவரை கைச்செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. குளத்தில் மீனை நெருக்கி விடாமல், தண்ணீரை சுத்தமாக வைத்தாலே பாதி நோய் எட்டிப்பார்க்காது.