இருதய வைத்தியர்க்குத் தமிழ் எதற்கு?

இருதய வைத்திய நிபுணராதல் நம் மாணவர் பலரின் பேரவா. அப்பாதை நெடிது. இந்நாட்டில் ஐந்தாண்டு மருத்துவக் கல்வி, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, பின்னர் 1980 இல் நிறுவப்பெற்ற பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தேர்வுகள், மேற்பயிற்சி, பிறநாட்டுப் பயிற்சி என அது நீளும். கல்வியும் தேர்வும் ஆங்கிலத்திலேயே நிகழ்வன.

ஆயின், எம்மவர் நோயைத் தமிழிலேயே சொல்வர். ‘நெஞ்சு இறுக்குது’ எனின் இருதயத் தசைக்குக் குருதி குறைந்திருக்கலாம். ‘எரியுது’ எனின் இரைப்பை அமிலமாகலாம். ‘படபடக்குது’ எனின் துடிப்பு ஒழுங்கு தவறியிருக்கலாம். எரிவென்று சொல்லப்படுவது மாரடைப்பாதலும் உண்டு. மாரடைப்பின் தொடக்கத்தில் ஈ.சி.ஜி. பதிவு வழுவின்றித் தோன்றுதலும் உண்டு. அவ்வேளை, பக்குவமாய் வினாவி, சொல்லின் நுட்பம் உணரும் வைத்தியரே உயிர்காப்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இன்றோ உயிரியற் பிரிவு மாணவர் சாதாரண தரத்தோடு தமிழ்ப் பாடத்தை விடுத்துவிடுகின்றனர். அவர்க்கு வாரம் ஒரு பாடவேளையேனும் தமிழ் அளித்தல் வேண்டும். வைத்தியர்களாய் விளங்கும் பழைய மாணவர்களே, அவ்வகுப்பிற்கு வந்து உங்கள் அனுபவத்தை எடுத்துரையுங்கள். ஆசிரியர் சொல்லினும் உங்கள் சொல்லுக்கு அவர் செவிசாய்ப்பர்.